ஜீப்புக்குள் மழைநீர்

கேள்வி: மாரி தொடங்கியதும் என் பழைய ஜீப்பில் சாரதியின் காலடியில் தண்ணீர் தேங்குகிறது. கதவு ரப்பர் மாற்றியும் பயனில்லை. (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: ஈரம் தெரியும் இடம் வேறு, நீர் நுழையும் இடம் வேறு. ஒரு கார்த்திகையில் மாங்குளத்திலிருந்து வரும்போது என் வண்டியும் இப்படித்தான் நனைந்தது. கூரை இணைப்பில் புகுந்த நீர் முன்கண்ணாடித் தூண் வழியே இறங்கியிருந்தது.

கம்பளத்தைக் கழற்றி, தகட்டை உலர்த்தி, முகப்பவுடர் தூவுங்கள். ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் குழாய்நீரைக் கீழிருந்து மேலாக மெல்ல விடட்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையும் சேர்ந்தே ஒழுகும். பவுடரில் ஈரக்கோடு தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள்.

வெளியே சிலிக்கன் அப்பாதீர்கள், தயவுசெய்து! உள்ளே அடைபட்ட நீர் தகட்டையே தின்றுவிடும். துருவைச் சுரண்டி, பிரைமர் (அடிப்பூச்சு) பூசி, அது காய்ந்தபின் இணைப்பை அடைத்துவிடுங்கள். கிரவல் புழுதி அடைத்த கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளையும் கம்பியால் திறந்துவிடுங்கள்.