காதுக்குப் பின்னால் வீக்கம்

கேள்வி: ஆறு வயதுப் பேரனுக்குக் காதில் சீழ் வடிந்தது. பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டேன். இப்போது காய்ச்சல், காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, காதுமடல் முன்னால் தள்ளி நிற்கிறது. – ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, எண்ணெய் வேண்டவே வேண்டாம். இன்றே காரைக்குடி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். நடுக்காதுச் சீழ் அதற்குள் புகுந்தால் நீங்கள் சொல்வது போலத்தான் வீங்கும். ஊசி வழியாக ஆன்டிபயாடிக், சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்வார்கள்.

இன்னும் ஆழத்தில், எலும்பின் நுனிவரை போனால் கண்ணுக்குப் பின்னால் கடும் வலி வரும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு அந்த நுனியை ஒட்டித்தான் போகிறது. இத்தாலிய மருத்துவர் கிராடெனிகோ 1904-லேயே இதை எழுதிவைத்தார். வாந்தி, கழுத்து விறைப்பு, முகக்கோணல், எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.