மொறிஸ் மைனரின் வைப்பர் சுவிச்சு

கேள்வி: எனது மொறிஸ் மைனர் 1000 காரில் சுவிச்சை ஆட்டிப் பிடித்தால்தான் வைப்பர் ஓடுகிறது. இரண்டு வேக சுவிச்சாக மாற்றலாமா, ஐயா?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: வேண்டாம் தம்பி, காசு வீண். உங்கள் மோட்டருக்கு ஒரே வேகம்தான். சுவிச்சில் எத்தனை நிலை இருந்தாலும் வேகம் அதிகரிக்காது.

முதலில் சாவியைப் போட்டு, சுவிச்சின் பின்னால் உள்ள இரண்டு முனைகளையும் துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். உடனே ஓடினால் பழுது சுவிச்சில்தான். இந்த வண்டியில் மோட்டருக்கு மின்சாரம் ஃபியூஸ் வழியாக நேரே போகிறது. சுவிச்சு எர்த்தை, அதாவது வண்டியின் உடலோடு சேரும் இணைப்பை, மட்டும் சேர்க்கும். இது தெரியாமல் புதுக் கார் சுவிச்சைப் பூட்டி, கரண்ட் வயரைத் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம். ஆகவே எர்த் வயரின் முனையையும் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். பச்சை பூத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, பழுது சுவிச்சில் என்றால் அதன் உள்முனைகள் கருகியிருக்கலாம். ஏன் கருகும்? மோட்டரின் அசைவை வைப்பருக்குக் கொண்டுபோக, கண்ணாடிக்குக் கீழே குழாய்க்குள் ஓடும் பல்லுக் கேபிளைப் பாருங்கள். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மோட்டர் திணறினால் கூடுதல் கரண்ட் இழுக்கும். கேபிளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் பூசுங்கள். வேகமும் கூடும்.

வைப்பரை விட்டுவிட்டு ஓட்டும் கருவி பூட்ட ஆசையென்றால் ஒன்று கவனம்: 1971 வரை இந்த வண்டிகளுக்கு பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். யாரும் மாற்றியிருக்கிறார்களா என்று பற்றரியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.