கச்சேரியின் நேரடிப் பதிவில் குரலையும் வாத்தியங்களையும் ஸ்டீரியோவில் எங்கே வைப்பது?

குரலை நடுவிலும் வயலினையும் மிருதங்கத்தையும் இரண்டு ஓரங்களிலும் முழுக்கப் பிரித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குரல் நடுவில், சரி. மற்ற இரண்டையும் ஓரம்வரை தள்ள வேண்டாம். சிறிய அரங்குகளில் கச்சேரிகளைப் பதிவு செய்து வருகிறேன். யார் எங்கே உட்கார்ந்து வாசித்தார்களோ, கேட்பவருக்கும் அங்கிருந்துதான் ஒலி வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவார். அப்போதுதான் மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். வயலின் பாடகருக்கு இடப்பக்கம். ரசிகர்கள் பக்கமிருந்து பார்த்தால் மிருதங்கம் இடது, வயலின் வலது. இடக்கைக்காரர் வாசித்தால் எல்லாம் மாறிவிடும். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பாளர். அவருக்காக வயலின்காரர் இடம் மாற வேண்டியிருந்தது, அதற்கு எல்லோரும் சம்மதிக்கவும் இல்லை. அதனால் பழக்க தோஷத்தில் பேன் (pan) செய்யாமல், அதாவது ஒலியை இடமோ வலமோ நகர்த்தி வைக்காமல், பதிவுக்கு முன் மேடையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தை முடிவு செய்ய வேண்டியது பேன் குமிழ் அல்ல, மேடைக்கு முன்னால் நிற்கும் ஜோடி மைக். முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுக்கும் இரண்டு கார்டியாய்ட் மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், 110 டிகிரி விரித்து வைக்கும் ஓ.ஆர்.டி.எஃப். முறை எனக்குப் பிடித்தது. அரங்கின் ஸ்பீக்கர்கள் பின்னால் போகும்படி மேடை விளிம்பிலேயே வையுங்கள். முதலில் இந்த ஜோடியை மட்டும் கேளுங்கள். மிருதங்கம் அதில் எங்கே கேட்கிறதோ அங்கேயேதான் மிருதங்க மைக்கையும் பேன் செய்ய வேண்டும். பெரும்பாலும் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பாதிக்கும் குறைவான தூரம்தான் வரும். வேறு இடத்தில் வைத்தால் ஒரே அடி இரண்டு இடத்தில் கேட்கும். ஜோடி மைக் 3 மீட்டர் தள்ளி இருந்தால் வாத்தியங்களுக்கு அருகில் வைத்த மைக்குகளைச் சுமார் 9 மில்லி செகண்ட் தாமதப்படுத்துங்கள்; ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் அது. தாளவாத்தியத்தின் ஒவ்வொரு அடியின் தொடக்கமும் உடனே தெளியும்.

ஓரம் தள்ளக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், பாடகரின் மைக்கிலும் மிருதங்கம் விழும். அந்த மைக் நடுவில் இருக்கிறது. அவர் பாடும்போது அதன் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) ஏற்றினால் மிருதங்கம் நடுவை நோக்கி நகரும், இறக்கினால் ஓரத்துக்கு ஓடும். இயர்போனில் இது தாங்க முடியாது. அதைவிட மோசம், வலந்தலையையும் இடது முகமான தொப்பியையும் எதிரெதிர் ஓரங்களில் வைப்பது. மடியில் இருக்கும் வாத்தியம் மேடை அகலத்துக்கு வீங்கிவிடும்.

வயலினை மட்டும், ஓரம்வரை போகாமல், நடுவிலிருந்து நன்றாகவே விலக்கி வையுங்கள். ஆலாபனையில் பாடகர் ஒரு சங்கதியை முடிக்கும் முன்பே வயலின் அதைத் தொட்டுத் தொடரும், பல நேரம் அதே ஸ்தாயியில். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தால் வயலின் குரலின் எதிரொலியாகச் சுருங்கிவிடும். இடம் பிரிந்தால் வயலின்காரர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது தெரியும். நல்ல வயலின்காரருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இது. தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிராவோ கடமோ சேர்ந்தால் அதற்கும் அதன் இடத்தைக் கொடுங்கள். மாறி மாறி வாசிக்கும் குறைப்பில் யார் முறை என்று காதே சொல்லிவிடும். தம்புரா மட்டும் பரந்து இருக்கட்டும்.

சபாவின் மிக்ஸரிலிருந்து வரும் ஒயரை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மோனோ, அதாவது இடம் வலம் இல்லாத ஒற்றை ஒலி. சிறிய அரங்கில் மிருதங்கம் தானே கேட்கும் என்று அதைக் குறைத்திருப்பார்கள், பதிவிலும் குறைந்துதான் வரும்.

அப்புறம், முடிக்கும் முன் மோனோவில் ஒரு முறை கேளுங்கள். பலர் ஃபோன் ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறார்கள். அப்போது தொப்பியின் கும்காரம் (ஆழ்ந்த ஒலி) மெலிந்து போனால், மிருதங்கத்தின் இரண்டு மைக்குகளில் ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழை) திருப்பிப் பாருங்கள்.