வாசகர் கேள்வி பதில்: நம்பியார் துப்பறிந்த படம்

கேள்வி: பழைய தமிழ் க்ரைம் படம் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் 'அந்த நாள்' என்கிறார்கள். அதற்கு முன்னால் நம்மிடம் ஒன்றுமே இல்லையா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: இருக்கிறது, அதுவும் உங்கள் ஊரிலேயே எடுத்தது. 'அந்த நாள்' 1954-இல் வந்தது. ஒரு பாட்டுகூட இல்லாமல் எஸ்.பாலசந்தர் எடுத்த அந்தப் படத்தின் பெருமையில் கைவைக்க எனக்கு மனமில்லை, எத்தனை முறை புகழ்ந்தாலும் தகும். ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பே, 1950-இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவிலிருந்து 'திகம்பர சாமியார்' வந்துவிட்டது. இயக்கியவர் டி.ஆர்.சுந்தரம். துப்பறியும் சாமியாராக, அதாவது படத்தின் நாயகனாக, நடித்தவர் எம்.என்.நம்பியார். ஆமாம், நம் நம்பியாரேதான். எதிர்ப்பக்கம் வில்லனாக எம்.ஜி.ஆரின் அண்ணன் எம்.ஜி.சக்கரபாணி.

நான் இதைப் பல வருடம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பெயரைக் கேட்டால் பக்திப் படம் போல இருக்கும், நம்பியார் பல வேஷம் போட்டிருக்கிறார் என்பதைத் தவிர யாரும் எதுவும் சொன்னதில்லை, நான் பார்த்த பிரதியும் தேய்ந்து, ஒலி கரகரவென்று இருந்தது. ஆனாலும் பாதிக்கு மேல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இதில் 'கொலை செய்தது யார்' என்ற முடிச்சு கிடையாது. ஊரில் செல்வாக்குள்ள பெரிய மனிதர் ஒருவர், வெளியே வெள்ளை வேட்டி, உள்ளே அத்தனையும் அழுக்கு. அவர்தான் குற்றவாளி என்பது நமக்குத் தெரியும், சாமியாருக்கும் தெரியும். அவர் வாயாலேயே அதை எப்படி வரவழைப்பது என்பதுதான் கதை. சாமியார் அடிக்கவில்லை, துப்பாக்கி காட்டவில்லை. தூங்கவிடாமல் செய்கிறார், அவ்வளவுதான். கண் சொருகும், தலை தொங்கும், மறுபடி விழிக்க வைப்பார்கள். அதட்டியே பழகிய மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்துபோவதைச் சக்கரபாணி முகத்திலேயே பார்க்கலாம்.

இன்றைக்குப் பார்க்கும்போது இது நெருடத்தான் செய்கிறது. தூங்கவிடாமல் விசாரிப்பது சித்திரவதை என்று நமக்கு இப்போது தெரியும், ஒரு காவல் நிலையத்தில் நடந்தால் கொதித்துப்போவோம், கொதிக்கவும் வேண்டும். அந்த நெருடலோடுதான் நான் படத்தைப் புகழ்கிறேன். ஒரு மனிதனின் மனசு எங்கே உடையும் என்பதையே கதையின் உச்சமாக வைக்க, வாள் சண்டைக்கும் ராஜா ராணிக்கும் கூட்டம் அலைமோதிய 1950-இல், ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! குறை என்றால், பாட்டும் நடனமும் அதிகம், வசனம் மேடை நாடகம் மாதிரி நீளும். அந்த இடங்களில் பொறுமை வேண்டும்.

கேள்வி: டி.ஆர்.சுந்தரத்தை ஸ்டூடியோ முதலாளி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவரைப் போய் இயக்குநர் என்று கொண்டாடுவது கொஞ்சம் அதிகமில்லையா?
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: அதிகமில்லை, இவ்வளவு காலம் நாம் சொன்னதுதான் குறைவு. என் தாத்தா சேலம் குகைப் பகுதியில் தறி போட்டவர். அவரும் 'மொதலாளி' என்றுதான் சொல்வார். ஸ்டூடியோவில் நேரம் தவறினால் யாராக இருந்தாலும் நடக்காது என்பார், வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பற்றிச் சொல்வார், ஆனால் 'அவர் எடுத்த அந்தக் காட்சி' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சேலத்தில் பழைய ஆட்கள் யாரிடம் கேட்டாலும் இதே கதைதான்: கண்டிப்பு, கணக்கு, கச்சிதம்.

திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் வரை போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். 1930-களில், எல்லாரும் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏறிய காலத்தில், ஏற்காடு போகிற வழியில் சொந்தமாக ஸ்டூடியோ கட்டினார். முதல் படம் 1937-இல் வந்த 'சதி அகல்யா'. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் இங்கிருந்துதான் போனது. இந்தச் சாதனைகளே மலை மாதிரி நிற்பதால், பின்னால் நிற்கும் இயக்குநர் யார் கண்ணிலும் படுவதில்லை. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவர் இயக்கியதுதான். அதைப் பற்றிப் பேசும்போதும் வண்ணத்தைப் பேசுகிறோம், எம்.ஜி.ஆரைப் பேசுகிறோம், அத்தோடு சரி.

இன்னொரு காரணமும் உண்டு. அவர் ஒரே மாதிரிப் படம் எடுக்கவில்லை. பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் கொடுத்து 1940-இல் 'உத்தமபுத்திரன்', 1942-இல் 'மனோன்மணி', 1951-இல் 'சர்வாதிகாரி' என்று வகை வகையாகப் போனார். இப்படிப் போகிறவருக்குப் பாணியே கிடையாது என்று விமர்சகர்கள் கையைக் கழுவிவிடுவார்கள். எனக்கு ஒரு பாணி தெரிகிறது. ரசிகர் ஒரு நடிகரை எப்படிப் பார்க்கத் தயாராக இருக்கிறாரோ, அதற்கு நேர்மாறாக அவரை நிறுத்துவார். 1950-இல் அதே மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'யில் நம்பியார்தான் கொடிய ராஜகுரு, பார்த்தவர்கள் திட்டித் தீர்த்த பாத்திரம். அதே வருடம் அதே நம்பியாரிடம் நியாயத்தின் பக்கம் நிற்கும் துப்பறிவாளர் வேடத்தைக் கொடுத்து, பத்துக்கும் மேற்பட்ட வேஷங்களில் உலவவிட்டார். 'பராசக்தி'யால் 1952-இல் ஊரே சிவாஜியைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அடுத்த வருடமே 'திரும்பிப் பார்' எடுத்து, சிவாஜியைப் பெண்களை ஏமாற்றித் திரியும் கயவனாகக் காட்டினார், வசனம் மு.கருணாநிதி. வியாபாரக் கணக்கு மட்டுமே தெரிந்த ஒரு முதலாளி கையில் இருக்கும் நட்சத்திரத்தை இப்படிப் பணயம் வைப்பாரா, நீங்களே சொல்லுங்கள்.

1963-இல் அவர் காலமானார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்றைக்கு வீடுகள். அந்த நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் நிற்கிறது, கன்னங்குறிச்சிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்களும் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள்தானே? அவையும் இவர் கைவண்ணமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: இல்லைங்க, அவை அவர் மகன் ஆர்.சுந்தரத்தின் காலம். 'வல்லவன் ஒருவன்' 1966, 'சி.ஐ.டி. சங்கர்' 1970, இரண்டும் ஆர்.சுந்தரம் இயக்கியவை, இசை வேதா. வேகமான படங்கள், இன்றைக்கும் போரடிக்காது. ஆனால் அப்பாவின் அந்தப் பழக்கம் மகனுக்கும் வந்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் எடுக்க வேண்டியது 1965-இல் வந்த 'வல்லவனுக்கு வல்லவன்'. அசோகனை வில்லனாகவே பார்த்துப் பழகிய நமக்கு, டி.எம்.எஸ். குரலில் அவர் உருகி உருகிக் காதல் பாட்டுப் பாடுவதை நம்பும்படி எடுத்திருக்கிறார்கள். 'ஓராயிரம் பார்வையிலே' அவருக்கான பாட்டு என்று தெரியாமலே ஆயிரம் தடவை கேட்டவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: திகம்பர சாமியார் என்ற பாத்திரம் படத்துக்காக உருவாக்கியதா?
– வாசகர், ஓமலூர்

பதில்: இல்லை, நாவலிலிருந்து வந்தவர். எழுதியவர் வடுவூர் கே.துரைசாமி ஐயங்கார். மன்னார்குடிப் பக்கத்து வடுவூர். துப்பறியும் நாவல்களை அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஒருவர். அவருடைய 'மேனகா'வும் 1935-லேயே படமாக வந்தது. பழைய புத்தகக் கடையில் வடுவூரார் நாவல் எது கண்ணில் பட்டாலும் விடாதீர்கள், நாவலைப் படித்துவிட்டு அப்புறம் படத்தைப் பாருங்கள். அத்தனை பக்கங்களில் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பார்த்தாலே சுந்தரம் எப்படி யோசித்தார் என்பது பிடிபடும்.