டிசிசி எஞ்சின் தானாகவே முழு வேகத்தில் ஓடுகிறது, டிகோடர் எரிந்துவிட்டதா?

தண்டவாளத்தின் வழியே எண்முறைக் கட்டளை அனுப்பி மாதிரி ரயிலை ஓட்டும் டிசிசி முறையில், பாதைக்கு மின்சாரம் கொடுத்தவுடன் எஞ்சின் தானாகப் பாய்கிறது, வேகக் குமிழைத் திருப்பினாலும் நிற்பதில்லை, கடைக்காரர் புது டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்க எஞ்சினுக்குள் இருக்கும் சிறு மின்சுற்று) வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்களுடையது ஹெச்ஓ அளவு (நிஜ எஞ்சினில் 87-இல் ஒரு பங்கு) எஞ்சின் என்றும், கட்டளை எந்த எஞ்சினுக்கு என்று காட்டும் எண்ணான அதன் முகவரி தொழிற்சாலையில் வைத்த 3 ஆகவே இருக்கிறது என்றும் கொண்டு எழுதுகிறேன்.

சென்னையில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கும் இதே கோளாறு வந்தது. நானும் எஞ்சினை டிகோடர் விற்ற கடைக்கே கொண்டு போனேன். அங்கே அதை, டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் பயன்படும் தனித் தண்டவாளமான நிரலாக்கப் பாதையில் வைத்தார்கள். கருவியின் திரையில் ‘படிக்க முடியவில்லை’ என்ற பிழை வந்தது. உடனே டிகோடர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சோதனைக் கட்டணம் தனி. எஞ்சினைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. திருப்பியிருந்தால், சக்கரங்களின் ஓடுபரப்பைச் சுற்றிக் கரிய வளையம் படிந்திருந்ததும், மின்சாரம் எடுக்கும் மெல்லிய வெண்கலத் தகடுகளில் ஒன்று சக்கரத்தைத் தொடாமல் விலகி நின்றதும் தெரிந்திருக்கும்.

நிரலாக்கப் பாதையில் டிகோடர் பதில் சொல்லும் முறை மிகவும் எளிமையானது. கேட்ட மதிப்பு சரியென்றால் அது மோட்டாரைச் சற்றே இயக்கி, ஏறத்தாழ 6 மில்லி நொடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். அந்த இழுப்பைத்தான் கருவி பதிலாக எடுத்துக்கொள்கிறது. சக்கரத்தில் அழுக்கு இருந்தால் அந்தத் துடிப்பு கருவிக்குப் போய்ச் சேராது. ஆகவே படிக்க முடியவில்லை என்ற பிழையை மட்டும் வைத்து டிகோடர் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் சக்கரங்களைத் துடைத்து, விலகிய தகட்டை மெல்ல வளைத்துச் சக்கரத்தைத் தொடவைத்த பிறகு, அதே டிகோடரில் சிவி 29-ஐ (சிவி என்பது டிகோடர் தன் அமைப்பு மதிப்பைச் சேமித்து வைக்கும் எண்ணிட்ட இடம்) ஒழுங்காகப் படிக்க முடிந்தது. மதிப்பு 6.

இந்த 6 என்பது 2 + 4. 2 என்பது வேகத்தை 28 அல்லது 128 படிகளாகப் பிரிப்பதற்கான பிட். 4 என்பது, கட்டளை இல்லாமல் மின்னழுத்தத்தாலேயே வேகம் மாறும் சாதாரண டிசி (நேர்மின்) பாதையிலும் ஓடலாம் என்ற அனுமதி. வினை அந்த அனுமதியில்தான் இருக்கிறது. டிசிசி பாதையில் மின்முனை ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நிலை 58 மைக்ரோ நொடி நீடித்தால் ‘1’, ஏறத்தாழ 100 நீடித்தால் ‘0’ என்று டிகோடர் படிக்கிறது. மின்சாரம் வந்த கணத்திலோ, குறுக்குச் சுற்று விலகிய கணத்திலோ அந்த அலை சிதைந்துபோய் ஒரே முனை மின்னழுத்தம்போல் தெரிந்தால், டிகோடர் இது டிசி பாதை என்று எண்ணிப் பாதையின் முழு அழுத்தத்தையும் மோட்டாருக்குக் கொடுத்துவிடும். குமிழை எப்படித் திருப்பினாலும் அப்போது அதன் காதில் விழாது. நான் 6-ஐ 2 ஆக மாற்றினேன், ஓட்டம் நின்றது. நான்கு இலக்க முகவரி வைத்திருப்பவர்களுக்கு இந்த மதிப்பு பெரும்பாலும் 38 ஆக இருக்கும். அவர்கள் 34 என்று எழுத வேண்டும்.

அப்படிச் செய்தால் எஞ்சின் டிசி பாதையில் ஓடாதே என்று யாராவது மறுமொழி எழுதக்கூடும். ஓடாதுதான். நண்பர் வீட்டு டிசி பாதைக்குக் கொண்டு போகிறவர்கள் மறுபடி 6 வைத்துக்கொள்ளட்டும். நான் மின்னணுப் பொறியாளன் அல்லன். எல்லாக் கோளாறுக்கும் இதுவே மருந்து என்றும் சொல்லவில்லை. வேகம் கூட்டும்போது முகவிளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் அது கருவி 28 வேகப் படியிலும் டிகோடர் 14 படியிலும் இருக்கும் முரண்பாடு. எஞ்சின் தன் முகவரிக்கு மட்டும் அசையாமல் நின்றால் சிவி 19 பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். என்றோ இன்னொரு எஞ்சினோடு இணைத்து ஓட்டிய கூட்டு முகவரி அதில் தங்கியிருக்கலாம்.

எதுவும் பலிக்காவிட்டால், சிவி 8-இல் 8 என்று எழுதினால் பெரும்பாலான டிகோடர்கள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அப்போது சிவி 29-உம் பழைய மதிப்புக்கே போய்விடும் என்பதால் மீண்டும் 2 எழுத வேண்டும். அதற்கும் அடங்கவில்லையென்றால் புது டிகோடர் வாங்குங்கள். ஆனால் அதைப் பொருத்துவதற்கு முன், பழையதைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரண்டு முனைகளும் எஞ்சினின் உலோகச் சட்டத்தைத் தொடவில்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் புதியதும் முதல் ஓட்டத்திலேயே எரிந்துவிடும்.