மதுரை ரிங் ரோட்டுக்குச் சுங்கம் வாங்குவது நியாயமா?

கேள்வி கேட்டவர் திருச்சியிலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் போனவர். "மதுரைக்குள் நான் நுழையவே இல்லை, சுற்றித்தான் போனேன். மேலூர் தாண்டி ஒரு டோல், ரிங் ரோட்டில் டோல், தூத்துக்குடி ரோட்டில் ஏறியதும் மறுபடி டோல். ஊரைச் சுற்றிப் போவதற்கு இவ்வளவா, இது நியாயமா? கட்டணத்தை எப்படித்தான் போடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

சுங்கம் வாங்குவது நியாயம்தான் என்பது என் பதில். ஆனால் ஆள் மாற்றி வாங்குகிறார்கள்.

எனக்கு அனுப்பானடி. வீட்டில் அப்பளம் போடுகிற தொழில். சரக்கு ஏற்ற ஒரு குட்டியானை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் நானே ஓட்டுவேன். உளுந்து எடுக்க விருதுநகர், கடைகளுக்குப் போட மாட்டுத்தாவணி, மேலூர், திருமங்கலம் என்று வாரத்தில் பாதி நாள் ரிங் ரோட்டில்தான் கழியும். நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்தவன் இல்லை. சாவடியில் நின்று யோசித்த யோசனைதான் இது.

முதலில் ஒரு பழைய கதை. மதுரைக்கு ரிங் ரோடு புதிதே இல்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக வீதிகள். அதற்கும் வெளியே கோட்டைச் சுவர், அகழி. 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் அந்தக் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவருக்கு அந்த இடத்தையே தருவதாக அறிவித்தார். ஆட்கள் வந்தார்கள், சுவர் போனது, வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் வந்தன. மாரட் என்பது நில அளவை பார்த்த வெள்ளைக்காரரின் பெயர். வேலையை மேற்பார்த்தவர் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குதான் விளக்குத்தூண். கோட்டை போய்விட்டது, கீழவாசல், தெற்குவாசல் என்று வாசல்களின் பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பாக நிற்கிறது.

வெளி வீதி என்றாலே ஊருக்கு வெளியே என்று அர்த்தம். இன்று அது ஊரின் நடுமத்தி. இதையும் அந்தச் சாலைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காசு கொடுத்தது நிலம்.

இப்போது நம் ரிங் ரோடு. உத்தங்குடியில் மேலூர் ரோட்டைப் பிரிந்து, பாண்டிகோயில், விரகனூர், சிந்தாமணி, மண்டேலா நகர் என்று ஊரின் கிழக்கையும் தெற்கையும் சுற்றிக் கப்பலூரில் போய்ச் சேரும். 27 கிலோமீட்டர். இதைப் போட்டது நெடுஞ்சாலைத் துறை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் போட்டது மதுரை மாநகராட்சி. உலக வங்கிப் பணம் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் வழியாகக் கடனாக வந்தது, செலவு சுமார் 43 கோடி. இருவழிச் சாலை. 2000ஆம் ஆண்டு வாக்கில் வண்டி ஓடத் தொடங்கியது. அந்தக் கடனை மாற்றிக்கொள்ள 2001இல் மாநகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டு 30 கோடி திரட்டியது. வட்டி 12.25 சதவீதம். அதற்கு ஈடாகக் காட்டியது இந்தச் சாலையில் வரப்போகும் சுங்க வசூலை.

தெரு விளக்கையும் குப்பையையும் பார்க்கிற ஒரு மாநகராட்சி, கடன் வாங்கி ஊருக்கு வெளியே சாலை போட்டு, அதில் காசு வாங்கிக் கடனை அடைப்பது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ போகிற லாரியும் ஊருக்குள் வந்துதான் வெளியேற வேண்டும். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். கீழமாரட் வீதி வெங்காய மார்க்கெட்டில் அப்பாவோடு நின்றால், இறக்க வந்த லாரி எது, கடந்து போக வந்த லாரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடந்து போகிற லாரி இனி ஊருக்குள் வராமல் வெளியே போகட்டும், மிச்சமாகிற நேரத்துக்கும் டீசலுக்கும் ஒரு தொகை தரட்டும் என்பது சரியான கணக்கு.

கணக்கு பிசகியது சாலையில் இல்லை, சாலை ஓரத்தில்.

என் பெரியப்பாவுக்குச் சிந்தாமணிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்தது, பனையூர்க் கால்வாய்ப் பாசனம். சாலைக்கு அளந்து கல் நட்டபோது அவருடைய நிலத்தில் ஒரு செண்டுகூடப் போகவில்லை. 'தப்பித்தோம்' என்று சந்தோஷப்பட்டவர், சாலை வந்து இரண்டு வருஷத்தில் மகள் கல்யாணத்துக்காக நஞ்சை விலைக்கே விற்றுவிட்டார். வாங்கியவர் வயலில் கால் வைக்கவில்லை. வேலி போட்டார், காத்திருந்தார், மனையாகப் பிரித்தார். பெரியப்பா ஏக்கருக்கு வாங்கிய காசு, பிறகு சில செண்டுக்குக் காணாது. குடும்பத்தில் இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் இந்தப் பேச்சு வரும். பெரியம்மா பேச்சை மாற்றப் பாயசம் ஊற்றுவார்.

அந்த விலை ஏற்றத்துக்கு வேலி போட்டவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. 27 கிலோமீட்டர் தார்தான் அதைச் செய்தது. அந்தத் தாருக்கான கடனை அடைத்ததோ, சாவடியில் நின்ற லாரிக்காரரும் வேன்காரரும். நிலத்துக்காரர் பத்திரச் செலவும் மனை அங்கீகாரக் கட்டணமும் கட்டியிருப்பார், மறுக்கவில்லை. ஆனால் அவை எந்த ஊரில் மனை போட்டாலும் கட்ட வேண்டியவை. இந்தச் சாலையால் உனக்கு வந்த லாபத்தில் இந்தச் சாலைக்கு ஒரு பங்கு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. பிளாக்பர்ன் காலத்தில் நிலத்தைக் கொடுத்து வீதி வாங்கினார்கள். நாம் வீதியைப் போட்டு, நில லாபத்தைச் சும்மா கொடுத்துவிட்டோம்.

அப்புறம் வீடுகள் வந்தன, கல்யாண மண்டபங்கள், ஆஸ்பத்திரி, கல்லூரி எல்லாம் வந்தன. மாட்டுத்தாவணி பஸ் நிலையம் 1999இல் வந்தது, 2004இல் உயர் நீதிமன்றக் கிளை. ஊர் நகர்ந்து நகர்ந்து ரிங் ரோட்டைத் தொட்டு, அதைத் தாண்டியும் போய்விட்டது. திட்ட ஆவணங்களில் இதற்கு முதலிலிருந்தே உள்வட்டச் சாலை என்றுதான் பெயர், எழுதியவர்கள் விவரமானவர்கள். கடந்து போகிற லாரிக்காகப் போட்ட சாலையில் இப்போது பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவர், பாண்டிகோயிலுக்குக் கிடா வெட்டப் போகிறவர், வேலைக்குப் போகிறவர், என்னைப் போல அப்பளம் போடப் போகிறவர் எல்லோரும் ஓடுகிறோம். போக்குவரத்து தாங்காமல் பிறகு நான்கு வழியாக்கினார்கள், பாண்டிகோயில் சந்திப்பில் மேம்பாலமும் கட்டினார்கள்.

இங்கேதான் சாவடியின் குணத்தைச் சொல்ல வேண்டும். சாவடி தூரத்தை அளப்பதில்லை. கதவைத் தாண்டினாயா, இல்லையா, அவ்வளவுதான். மஸ்தான்பட்டி, சிந்தாமணி என்று ரிங் ரோட்டில் சாவடிகள் இருந்த இடங்களைப் பாருங்கள். ஒரு சாவடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறி இறங்குகிறவர் எத்தனை கிலோமீட்டர் போனாலும் செலவில்லை. சாவடியின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் கடையும் வைத்திருப்பவர் ஒரு கிலோமீட்டருக்கும் கட்ட வேண்டும். எனக்கு நடந்ததும் அதுதான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மளிகைக் கடைக்குப் பத்து கட்டு அப்பளம் போடப் போனால், அந்தப் பத்து கட்டில் வரும் லாபத்தில் ஒரு துண்டு சாவடிக்கு. அதற்குப் பயந்து ஊருக்குள் நுழைந்து தெப்பக்குளம் வழியாகப் போன நாட்கள் உண்டு. ஊருக்குள் வண்டி வரக் கூடாது என்று போட்ட சாலை, சாவடியைக் காட்டி என்னை ஊருக்குள் திருப்பி அனுப்பியது. இந்த வேடிக்கையை நான் மட்டும் செய்திருக்க மாட்டேன்.

விருதுநகர் பயணம் இன்னொரு வகை. ரிங் ரோடு கப்பலூரில் நான்கு வழிச் சாலையைத் தொட்டதும் தேசிய நெடுஞ்சாலைச் சாவடி. அதைத் தாண்டினால் கூப்பிடு தூரத்தில் திருமங்கலம். இந்தக் கப்பலூர் சாவடிதான் மதுரை மாவட்டத்தில் அதிகம் சண்டை பார்த்த சாவடி. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு கேட்டுத் திருமங்கலத்துக்காரர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2024 ஜூலையில் அது பெரிதாக வெடித்தது. அவர்கள் கேட்பதும் என் கேள்விதான்: வீட்டு வாசலைத் தாண்ட நெடுஞ்சாலைக் கட்டணமா?

இதில் 60 கிலோமீட்டர் விதி என்று ஒன்றைப் பலரும் சொல்வார்கள். 2008ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் அது இருக்கிறது: ஒரே சாலையில் ஒரே திசையில் இரண்டு சாவடிக்கு நடுவே 60 கிலோமீட்டர் வேண்டும், நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆனால் அதே விதியின் அடுத்த வரிகளில் காரணத்தை எழுதி வைத்துவிட்டுக் கிட்டே வைத்துக்கொள்ள வழியும் இருக்கிறது. தவிர, விதி தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும். ரிங் ரோடு மாநகராட்சி போட்டது, வேறு கணக்கு. அதனால்தான் உங்களுக்குச் சிட்டம்பட்டி, ரிங் ரோடு, எலியார்பத்தி என்று வரிசையாக வந்தது. உங்கள் கண்ணுக்கு ஒரே சாலை, காகிதத்தில் வேறு வேறு முதலாளிகள்.

கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு 2007-08 விலையில் கிலோமீட்டருக்கு 65 பைசா அடிப்படை. என் குட்டியானை மாதிரி வண்டிக்கு 1 ரூபாய் 5 பைசா, லாரிக்கும் பஸ்ஸுக்கும் 2 ரூபாய் 20 பைசா. அதன் மேல் ஒவ்வொரு வருஷமும் 3 சதவீதம், கூடவே மொத்த விலைக் குறியீடு ஏறியதில் 40 சதவீதம். ஏப்ரல் பிறந்தால் ஐந்து, பத்து என்று ஏறுவது இதனால்தான். போட்ட முதல் வந்துவிட்டால் கட்டணம் குறையும் என்று முன்பு ஒரு நம்பிக்கை இருந்தது. நான் பார்த்தவரை ஏறித்தான் இருக்கிறது.

சாவடிக்கு 20 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் மாதச் சீட்டு உண்டு, ஆனால் வணிக வண்டிக்குக் கிடையாது. 2025 ஆகஸ்ட் 15இல் வந்த 3000 ரூபாய் ஆண்டுப் பாஸும் அப்படித்தான், சொந்தக் காருக்கு மட்டும், 200 கடப்புகள் அல்லது ஒரு வருஷம். என் மச்சான் அதை வாங்கிவிட்டுத் தமிழ்நாடு முழுக்க இனி இலவசம் என்று பேசிக்கொண்டிருந்தார். மாநிலச் சாலைச் சாவடியில் அது செல்லாது. அங்கே வழக்கம் போலப் பணம் கழிந்த குறுஞ்செய்தி வந்ததும், பாஸ் வேலை செய்யவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

இப்போது வடக்கே புதுச் சாலை. சமயநல்லூரிலிருந்து கப்பலூர் வரை மேற்குப் பக்கம் நான்கு வழிச் சாலை ஏற்கெனவே இருக்கிறது. வாடிப்பட்டியிலிருந்து தாமரைப்பட்டி வரை வடக்கே சுமார் 30 கிலோமீட்டருக்குத் தேசிய நெடுஞ்சாலை சேர்ந்தால், ஏறக்குறைய முழு வளையம். அலங்காநல்லூர்ப் பக்கம் சரக்கு போடப் போனால் டீக்கடையில் மாட்டுப் பேச்சுக்கு அடுத்தபடி மனைப் பேச்சுதான். "ரிங் ரோட்டுக்கு ரெண்டே நிமிஷம்" என்று பலகை வைத்தாகிவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் சிந்தாமணியில் கேட்ட அதே பேச்சு. இந்த முறையாவது சாலையோர நிலத்தின் வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு குறிக்கும் விலை) எவ்வளவு ஏறுகிறதோ, அதில் ஒரு பங்கைச் சாலைக்கென்று தனியாக வாங்கி, உள்ளூர் வண்டிகளைச் சாவடியில் விட்டுவிடலாம் என்பது என் யோசனை. நிலம் வைத்திருப்பவருக்கு இது பிடிக்காது. விவசாயம் பார்க்கிறவரை விட்டுவிட்டு, மனையாகப் பிரித்து விற்கும்போது மட்டும் வாங்கலாம். பெரியப்பா மாதிரி ஆட்கள் அதில் மாட்ட மாட்டார்கள்.

உங்களுக்கு உடனடியாகப் பயன்படுவது: தூத்துக்குடிக்கு ஊர் வழியாகப் போய் ரிங் ரோட்டுச் சுங்கத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், கோரிப்பாளையத்தில் நிற்கிற நேரத்தில் டீசல் அதைவிட அதிகம் போகும். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று மேலூரிலேயே பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் டேக் வேலை செய்யாவிட்டால் 2025 நவம்பரில் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வராதீர்கள். பாண்டிகோயிலுக்குக் கிடாவோடு வருகிற வேன்கள் ரோட்டில் நிற்கும், மேம்பாலம் இருந்தாலும்.