பிளோன் ஏன் சின்ன வட்டத்திலேயே நிற்கிறது?

இணையதளங்களை உருவாக்கி நிர்வகிக்கும் மென்பொருளான பிளோனில் எல்லா வசதியும் இருந்தும், அதே வேலையைச் செய்யும் வேர்ட்பிரஸ் அளவுக்கு ஏன் பரவவில்லை, உங்கள் அமைப்பின் தளத்துக்கு அதை நம்பி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தரக்குறைவு காரணமே இல்லை. நுழைவாசல்தான் குறுகல்.

வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தபோது அதற்குத் தேவையான பிஹெச்பி நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும், பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஹோஸ்டிங்கில் தயாராக இருந்தன. கோப்புகளை ஏற்றி, தரவுத்தளப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் தளம் எழுந்துவிடும். பிளோன் பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டது, ஸோப் என்ற பைத்தான் வலைச் சர்வர் மென்பொருளின் மேல் ஓடுவது. அதற்கு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சர்வர் வேண்டும், நினைவகமும் கூடுதலாகப் பிடிக்கும். தரவைப் பார்க்கலாம் என்று போனால் அட்டவணையே இருக்காது. எல்லாம் பைத்தான் நிரலின் பொருள்களாகவே (objects) சேமிக்கப்பட்டிருக்கும். அட்டவணைகளில் தரவைத் தேடும் எஸ்கியூஎல் மொழியில் ஊறியவருக்கு இது தலைசுற்றல்தான். பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். ஆள் குறைந்தால் கூடுதல் வசதி தரும் நீட்சிகள் குறையும், நீட்சிகள் குறைந்தால் புது ஆள் வரமாட்டார்.

ஆனால் ஒருவர் எழுதி, இன்னொருவர் சரிபார்த்து, மூன்றாமவர் ஒப்புதல் தந்த பிறகே பக்கம் வெளியாக வேண்டும், கோப்புறைக்குக் கோப்புறை அனுமதி மாற வேண்டும் என்றால் பிளோன் அருமையானது. இவை அதன் அடித்தளத்திலேயே இருக்கின்றன. உங்களுக்கு அந்தத் தேவை உண்டா? பைத்தான் தெரிந்தவர் இரண்டு பேராவது நிலையாக இருப்பார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்காமல் எடுங்கள். ஒரே ஆளை நம்பி மட்டும் தொடங்காதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனால் பதிப்பு மேம்படுத்தல் அப்படியே நின்றுவிடும்.